சோடா எசென்ஸ் வேப் திரவத்துக்கு ஏற்றதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகரெட்டை விட்ட நாளிலிருந்து எனக்கான வேப் (மின்சிகரெட்) திரவத்தை நானே கலந்துகொள்கிறேன். இதில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பவற்றில் பாதிக்கு மேல் சோடாவைப் பற்றியவை. கோலா எசென்ஸ் ஏன் ஏமாற்றுகிறது, எலுமிச்சை சோடா ஏன் ஒரே வாரத்தில் வெறும் இனிப்பாகிவிடுகிறது, க்ரீம் சோடாவில் ஏன் காகித அட்டையின் வாடை அடிக்கிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். நாம் நினைவில் வைத்திருக்கும் சோடா என்பது குளிர்ச்சி, குமிழ், புளிப்பு, இனிப்பு, மணம் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. எசென்ஸ் பாட்டிலில் இருப்பதோ மணம் மட்டும். அந்த மணம் நல்லதா, அதை நுரையீரலுக்குள் இழுக்கலாமா என்ற இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதைச் செய்வது பாதுகாப்பானதா?

சிகரெட் புகையைவிடத் தீங்கு குறைவு என்று சொல்லலாம். தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. புகைக்கும் பழக்கமே இல்லாதவர் சோடா சுவைக்காக இதைத் தொடங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்தப் பக்கம் ஏற்கெனவே நிகோடின் பழக்கம் உள்ள, வயது வந்தவர்களுக்காக எழுதப்பட்டது. சில நாடுகளில் வேப் பொருள்களை விற்பதே தடை. சில நாடுகளில் கையில் வைத்திருப்பதே குற்றம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எசென்ஸ் வாங்குவதற்கு முன் பாருங்கள்.

குளிர்பானத்தில் கலக்கும் எசென்ஸையே பயன்படுத்தலாமா?

கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

குளிர்பானத்துக்கான எசென்ஸ் தண்ணீரில் கலப்பதற்காகத் தயாரிக்கப்படுவது. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். அப்படி மிதக்காமல் இருக்கக் கருவேலம் பிசினை ஒத்த அரபுப் பிசின், எஸ்டர் பிசின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். பல ஆண்டுகள் புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயையும் சேர்த்து வந்தார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கான அனுமதியை 2024-இல்தான் ரத்து செய்தது. இவற்றோடு சர்க்கரைப் பாகு, நிறமி, பதப்படுத்தும் பொருள்களும் இருக்கும். வயிற்றுக்குள் போனால் இவற்றைச் செரிக்கவோ வெளியேற்றவோ உடலுக்கு வழி இருக்கிறது. நுரையீரலின் காற்றறைகளுக்கு அந்த வசதி இல்லை. எண்ணெய்த் துளிகள் அங்கே தங்கினால் கொழுப்பு நிமோனியா என்ற அழற்சி ஏற்படும். சர்க்கரையும் பிசினும், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலில் கருகி, புதிய நச்சுகளை உண்டாக்கும்.

எண்ணெயின் ஆபத்து ஏட்டில் மட்டும் உள்ளதல்ல. 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களிடையே கடுமையான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி 18 வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் கணக்கில் வந்தார்கள். அவர்களில் 68 பேர் இறந்தவர்கள். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்தான் அதோடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. தோலில் பூசினாலும் விழுங்கினாலும் பெரிதாகத் தொல்லை தராத, எண்ணெய் போன்ற ஒரு பொருள் அது. வாய்வழியே போவதற்கும் மூச்சுவழியே போவதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லேபிளில் ‘உணவுத் தரம்’ என்று போட்டிருக்கிறதே?

அது உண்பதற்கான சான்று. சுவைப் பொருள்களை ‘பொதுவாகப் பாதுகாப்பானவை’ என்று பட்டியலிடும் அமெரிக்கச் சுவையூட்டி உற்பத்தியாளர் சங்கமே, அந்தப் பட்டியல் உணவில் சேர்ப்பதற்கு மட்டும்தான், உள்ளிழுப்பதற்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. உணவுத் தரம் என்பதை நுழைவுத் தகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு தேர்வு முடிந்துவிடவில்லை.

வாங்குவதற்கு முன் எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும்?

பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். பொறுப்பான தயாரிப்பாளர் ஒவ்வொரு சுவைக்கும் இதை வைத்திருப்பார். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘சிஏஎஸ்’ எண் என்ற அடையாள எண் இருக்கும். பெயர்களைப் பலவிதமாக எழுதலாம், எண் மாறாது. ஆகவே எண்ணைத் தேடுங்கள்.

முதலில் 431-03-8. இது டைஅசிட்டைல், வெண்ணெய் மணம் தருவது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பாப்கார்ன் ஆலை ஒன்றில் முன்பு வேலை செய்த 8 பேருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஆலையில் வெண்ணெய் மணத்துக்காகக் கலக்கப்பட்ட பொருளின் ஆவியை அவர்கள் சுவாசித்து வந்தார்கள். ஒருமுறை வந்தால் குணமாகாத நோய் அது. அடுத்து 600-14-6, இது டைஅசிட்டைலுக்கு மாற்றாக வந்த அசிட்டைல் புரோப்பியோனைல். மாற்றாக வந்ததே தவிர, அதைவிட மேலானது அல்ல. மூன்றாவது 513-86-0, அசிட்டாயின். இது நாளடைவில் ஓரளவு டைஅசிட்டைலாக மாறக்கூடியது. சோடாவுக்கும் வெண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். க்ரீம் சோடா, ஐஸ்கிரீம் மிதக்கும் கோலா, வெனிலா கோலா ஆகியவற்றின் ‘க்ரீம்’ பகுதி பல நேரம் இவற்றிலிருந்துதான் வருகிறது.

தாளில் எண்ணெய், டிரைகிளிசரைடு, நிறமி, சர்க்கரை ஏதேனும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தாளே கிடைக்காவிட்டால் மணம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் வேண்டாம். நான் இதில் ஒருமுறைகூடச் சமரசம் செய்ததில்லை.

எண்ணெய் இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். சிறிய கண்ணாடிப் புட்டியில், வேப் திரவத்தின் அடித்தளமான புரோப்பிலீன் கிளைக்காலும் தாவரக் கிளிசரினும் கலந்து, அதில் எசென்ஸை 5 சதவீதம் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். ஒரு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலே வளையம், துளிகள், படலம் அல்லது கலங்கல் தெரிந்தால் அந்த எசென்ஸ் கழிவு. ஆனால் தெளிவாக இருப்பதாலேயே எண்ணெய் இல்லை என்று ஆகிவிடாது. கரைக்கும் பொருள் சேர்த்திருந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. இந்தச் சோதனை ஒரு எசென்ஸை நிராகரிக்க உதவும்; ஏற்றுக்கொள்ள உதவாது.

தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது சரியான முறை இல்லை. எலுமிச்சை மணம் உள்ள நல்ல எசென்ஸும் தண்ணீரில் பால்போலக் கலங்கத்தான் செய்யும்.

பாட்டிலை முகர்ந்தாலே தெரிந்துவிடாதா?

தெரியாது. சோடா விஷயத்தில் மூக்கு அதிகமாகவே ஏமாறும். மூடியைத் திறந்ததும் பாய்ந்து வருவது வேகமாக ஆவியாகும் பகுதி மட்டும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் லிமொனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடுக்கு 248 டிகிரி வேண்டும். வெனிலின் 285 டிகிரிக்கு அருகில் கொதிப்பது. முகரும்போது அது பின்வரிசையில் நிற்கும். காயிலின் சூட்டில் இந்த வரிசை குலைந்துவிடும். முகர்ந்தபோது எலுமிச்சையாகத் தோன்றியது ஆவியில் வெனிலாவாக வந்து நிற்பது இதனால்தான்.

முகர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் காகிதத் துண்டில் ஒரு துளி வைத்து உடனே ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை முகருங்கள். மறுநாள் காகிதத்தில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் ஊறிய திரவத்தில் பேசப்போகிற மணம்.

கலந்து பார்த்தேன், மணம் சரியாக இருக்கிறது, ஆனால் சோடாவின் ‘சுருக்’ இல்லையே?

இருக்க முடியாது. இதற்கு எந்தத் தயாரிப்பாளரையும் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தச் சுருக்கென்ற உணர்ச்சி மணம் அல்ல. குமிழ் வெடிப்பதும் அல்ல. சோடாவில் கரைந்திருக்கும் கரியமில வாயு நாவில் பட்டதும் அமிலமாக மாறுகிறது. 2009-இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், புளிப்பை உணரும் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதி இந்த மாற்றத்தைச் செய்வதும், அதன் வழியாகவே நாக்கு கரியமில வாயுவைச் சுவைப்பதும் தெரியவந்தது. அதே அமிலம் எரிச்சலை உணரும் நரம்புகளையும் தூண்டுகிறது. குமிழே உருவாக முடியாத உயர் அழுத்த அறையில் சோடாவைக் குடிக்கவைத்தபோதும் மனிதர்கள் அதே கடியை உணர்ந்தார்கள். மலையேறுபவர்கள் உயரத்தில் தலைவலி வராமல் இருக்க அசிட்டசோலமைடு மாத்திரை சாப்பிடுவதுண்டு. அது இந்த நொதியை முடக்குவது. அதைச் சாப்பிட்ட பிறகு பீரும் சோடாவும் சப்பென்று இருப்பதாக அவர்கள் சொல்வது இதோடு பொருந்திப்போகிறது.

வேப் ஆவியில் அழுத்தத்தில் கரைந்த கரியமில வாயு கிடையாது. ஆகவே எந்த எசென்ஸும் உண்மையான சுருக்கைத் தராது. தரக்கூடியது சாயல்தான். எலுமிச்சைத் தோலின் கூர்மை, இஞ்சியின் லேசான காரம், ஷாம்பெயின் வகை எசென்ஸ்களின் உலர்ந்த துள்ளல், கொஞ்சம் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்தால் மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். ‘நுரைக்கும் சோடா’ என்று லேபிளில் படித்தால் அதில் இந்தச் சாயலுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெறும் குளிர்ச்சியை அள்ளிப் போட்டு ‘ஃபிஸ்’ என்று பெயர் வைத்திருந்தால் நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

புளிப்புக்கு அமிலம் சேர்க்கலாமா?

கோலாவின் புளிப்புக்குக் காரணம் பாஸ்பாரிக் அமிலம். எலுமிச்சை சோடாவுக்குச் சிட்ரிக் அமிலம். பாஸ்பாரிக் அமிலம் எளிதில் ஆவியாகாது. காயிலில் தங்கி அதை அரிக்கும். சிட்ரிக் அமிலம் சூட்டில் சிதைந்து, கண்ணையும் மூக்கையும் உறுத்தும் பொருள்களாகும். இரண்டும் வேண்டாம். புளிப்பை எலுமிச்சை மணத்தின் வழியாகச் சுட்டிக்காட்டினால் போதும்.

எத்தனை சதவீதத்தில் சோதிப்பது?

ஒரே சதவீதத்தில் சோதித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் பலரும் செய்யும் தவறு. மூன்று புட்டிகள் கலந்தாக வேண்டும். 2, 4, 8 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்தச் சுவையும், இனிப்பும், நிகோடினும் சேர்க்காதீர்கள்.

10 மில்லி புட்டியில், கிளிசரின் 70, கிளைக்கால் 30 என்ற விகிதத்தில், 4 சதவீதத்துக்கான கணக்கு இது. எசென்ஸ் 0.41 கிராம், புரோப்பிலீன் கிளைக்கால் 2.69 கிராம், தாவரக் கிளிசரின் 8.83 கிராம். கிளைக்காலின் அடர்த்தி 1.036, கிளிசரினின் அடர்த்தி 1.261 என்பதால் மில்லிக்கும் கிராமுக்கும் இந்த வித்தியாசம். எசென்ஸ் பெரும்பாலும் கிளைக்காலில் கரைக்கப்பட்டது என்பதால் அதன் அடர்த்தியையே அதற்கும் எடுத்துக்கொள்கிறேன். 2 சதவீதத்துக்கு எசென்ஸ் 0.21, கிளைக்கால் 2.90. 8 சதவீதத்துக்கு 0.83, 2.28. கிளிசரின் மூன்றிலும் ஒன்றே.

நான் தராசில் புட்டியை வைத்துச் சுழியாக்கி, முதலில் எசென்ஸை விடுவேன். அளவில் சிறியது அதுதான். கை தவறினால் அந்தக் கட்டத்திலேயே கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். பிறகு கிளைக்கால், கடைசியில் கிளிசரின். கிளிசரின் கனமான நூல்போல இறங்கி அடியில் படியும். மேலே எசென்ஸின் தெளிந்த அடுக்கு தனியாக நிற்கும். குலுக்கியதும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சுழன்று, பாகில் தண்ணீர் ஊற்றியதுபோன்ற கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் முழுவதும் மறையும் வரை குலுக்க வேண்டும். பெயர், சதவீதம், தேதி மூன்றையும் மூடியில் எழுதாமல் புட்டியின் உடலில் எழுதுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும்.

தராசு இல்லாமல் துளி எண்ணிக் கலக்கக் கூடாதா?

ஒரு துளி ஏறத்தாழ 0.02 முதல் 0.03 கிராம் வரை இருக்கும். 2 சதவீதப் புட்டிக்கு எட்டு, ஒன்பது துளிதான். ஒரு துளி கூடினால் பத்து சதவீதத்துக்கு மேல் பிழை. துளியின் பருமனோ புட்டியின் மூக்குக்கு மூக்கு மாறும். 0.01 கிராம் காட்டும் தராசு அவசியம்.

எத்தனை நாள் ஊறவிட வேண்டும்?

‘ஊறினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்வார்கள். க்ரீம் சோடாவுக்கு அது ஓரளவு பொருந்தும். எலுமிச்சை சோடாவுக்குப் பொருந்தாது.

க்ரீம் சோடா, கோலா இரண்டிலும் அல்டிஹைடுகள் உண்டு: வெனிலின், சின்னமால்டிஹைடு, எலுமிச்சையின் சிட்ரால். இவை கிளைக்காலோடு மெல்ல வினைபுரிந்து அசிட்டால் என்ற வேறு பொருளாக மாறும். 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இதை அளந்து காட்டியது. அல்டிஹைடின் கணிசமான பகுதி இப்படி மாறுவதும், மாறிய பொருள் ஆவியிலும் அப்படியே வருவதும், மூச்சுப்பாதையின் எரிச்சல் உணரும் நரம்புகளை அது தூண்டுவதும் அதில் தெரிந்தது. கலந்த அன்று உரக்கப் பேசிய லவங்கப்பட்டை இரண்டாவது வாரத்தில் அடங்கிவிடுவதற்கு இது ஒரு காரணம். எசென்ஸே கிளைக்காலில் கரைந்து அலமாரியில் இருந்தது என்பதால், நீங்கள் வாங்கும்போதே இந்த மாற்றம் தொடங்கியிருக்கும்.

ஆகவே மூன்று கட்டமாகச் சுவைக்கிறேன். கலந்த மறுநாள், ஏழாவது நாள், இருபத்தோராவது நாள். எலுமிச்சை வகை ஏழாவது நாளிலேயே தேறியிருக்க வேண்டும். கோலா மூன்று வாரத்தில் திரண்டு வரும். லவங்கப்பட்டையும் ஜாதிக்காயும் முனை மழுங்கி நடுவில் ஒன்றுசேரும். க்ரீம் சோடா மூன்றாவது வாரத்துக்கு முன் எப்போதும் பச்சையாகவே இருக்கும், அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள்.

மூடியைத் திறந்துவைத்து ‘மூச்சு விட’ விடும் பழக்கம் சோடாவுக்குப் பகை. முதலில் பறந்துபோவது எலுமிச்சைதான். வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதும் அப்படியே. இருட்டில், இறுக மூடி, அறை வெப்பத்தில் வையுங்கள்.

சுவைக்கும்போது எதைக் கவனிப்பது?

புதிய பஞ்சு, சுத்தமான காயில், குறைந்த வாட். முந்தைய திரவத்தின் மிச்சம் இருந்தால் சோதனை வீண். காலையில் நாக்கு களைப்படையாத நேரத்தில், குறைந்த சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். 8 சதவீதத்தை முதலில் இழுத்துவிட்டால் 2 சதவீதம் அதன்பின் வெறும் காற்றாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று இழுப்பு போதும். இடையில் தண்ணீர் குடியுங்கள்.

உள்ளே இழுக்கும்போது வருவதை ஒரு வரி, மூக்கு வழியாக விடும்போது வருவதை ஒரு வரி, விட்டபின் நாவில் நிற்பதை ஒரு வரி என்று எழுதுங்கள். சோடா எசென்ஸ் பெரும்பாலும் தோற்பது மூன்றாவது வரியில்தான். தொடக்கத்தில் கோலா, முடிவில் மருந்து. அல்லது தொடக்கத்தில் எலுமிச்சை, முடிவில் தரை துடைக்கும் திரவம். சதவீதத்தைக் கூட்டும்போது சுவை பெருகாமல் கசப்பு மட்டும் பெருகினால், அந்த எசென்ஸின் உச்சவரம்பு கடந்துவிட்டது என்று பொருள். தொண்டை எரிந்தாலோ இருமல் வந்தாலோ அன்றே நிறுத்துங்கள். அது பழகிப்போகும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டு எசென்ஸ்களில் எது மேல் என்று தெரியவில்லையா? மூன்று புட்டிகளை வேறொருவரிடம் கொடுத்து, இரண்டில் ஒரே திரவத்தையும் மூன்றாவதில் மற்றதையும் நிரப்பச் சொல்லுங்கள். எது ஒற்றை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் விலை குறைந்ததை வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் சோடா எளிது, எது கடினம்?

க்ரீம் சோடா எளிது. அதன் அடித்தளம் வெனிலா என்பதால் ஆவியில் சிதையாது. மேலே சொன்ன மூன்று சிஏஎஸ் எண்களை மட்டும் கவனியுங்கள்.

ரூட் பீர் (பெயரில் பீர் இருந்தாலும் இது ஒரு குளிர்பானம்) ஒரு தனி உலகம். அதன் பழைய மணம் சாசஃப்ராஸ் வேரிலிருந்து வந்தது. அதிலுள்ள சாஃப்ரோல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கண்டு 1960-இல் அமெரிக்கா அதை உணவில் தடை செய்தது. இன்றைய எசென்ஸ்களில் தைலம்போல மணக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் வெனிலாவும் முன்னால் நிற்கும். பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர்களுக்கு வலிநிவாரணி பூசியதுபோல இருக்கும்.

கோலாதான் கடினம். கோலாபோலச் சுவைக்கும் பழம் என்று ஒன்று இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, லவங்கப்பட்டை, ஜாதிக்காய், கொத்தமல்லி விதை, வெனிலா ஆகியவற்றின் கூட்டணி அது. ஒன்று கூடினாலும் கூட்டணி உடையும். லவங்கப்பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு, மூச்சுப்பாதையின் நுண்ணிய முடிகளின் அசைவை மட்டுப்படுத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே கோலாவில் சுவை தென்படும் மிகக் குறைந்த சதவீதத்திலேயே நின்றுவிடுகிறேன். செர்ரி கோலா என்றால் பென்சால்டிஹைடும் சேரும். அதுவும் மூச்சுப்பாதையை உறுத்துவது.

எனர்ஜி டிரிங்க் எசென்ஸ்?

பழமும் புளிப்பும் கலந்த மணம் மட்டும் என்றால் மற்றவற்றைப் போலவே சோதிக்கலாம். காஃபீனோ டாரினோ வைட்டமினோ சேர்த்தது என்றால் தொடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் உத்தரவு, நிகோடின் திரவங்களில் இவற்றைச் சேர்ப்பதைத் தடை செய்கிறது.

குளிர்ச்சி எவ்வளவு?

டபிள்யூஎஸ்-23 என்ற, புதினா மணமில்லாத குளிர்ச்சிப் பொருள் சோடாவுக்குப் பொருந்தும். மெந்தால் பொருந்தாது, அது சோடாவைத் தொண்டை மிட்டாய் ஆக்கிவிடும். ஆனால் எசென்ஸைச் சோதிக்கும்போது குளிர்ச்சியே வேண்டாம். அது குறைகளை மறைக்கும். தொண்டை எரிவதையும் மறைக்கும், அது இன்னும் மோசம். தேறிய பிறகு மிகச் சிறிய அளவில் தொடங்குங்கள். எசென்ஸிலேயே குளிர்ச்சியைக் கலந்து விற்றால் அளவு உங்கள் கையில் இல்லை. அதனால் அந்த வகையை நான் தவிர்க்கிறேன்.

இனிப்புப் போதவில்லை என்றால்?

சுக்ரலோஸ் சேர்த்தால் உடனே இனிக்கும். அது சூட்டில் சிதைந்து குளோரின் கலந்த பொருள்களை உண்டாக்கும், காயிலைக் கரியாக்கும். எத்தில் மால்டால் நாவில் இனிக்காது. பஞ்சுமிட்டாய் மணத்தால் இனிப்பை நினைவூட்டும். அதைக் கூட்டினால் மற்ற சுவைகள் மங்கும். எசென்ஸிலேயே இனிப்பு இருக்கிறதா என்று அறிய, ஐந்து மில்லி ஓடிய பின் காயிலைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு லேசாகப் பழுத்திருந்தால் இயல்பு. கறுத்த பொருக்குத் தட்டியிருந்தால் லேபிள் சொல்லாத இனிப்பு உள்ளே இருக்கிறது.

சோடா திரவம் டேங்கை உடைக்கும் என்கிறார்களே?

உண்மை. எனக்கே நடந்தது. கோலா நிரப்பிய பிளாஸ்டிக் டேங்கை இரவு மேசைமேல் வைத்தேன். காலையில் அதன் சுவரில் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள். அடியில் மூடிக்கு அருகில் பிசுபிசுப்பு. நகத்தால் தடவினால் கோடுகள் வெளிப்பக்கம் தட்டுப்படவில்லை, உள்பக்கத்திலிருந்து வந்திருந்தன. எலுமிச்சைத் தோலின் லிமொனீனும் லவங்கப்பட்டையும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை இப்படித்தான் பிளக்கும். கோலா, ரூட் பீர், எலுமிச்சை எல்லாவற்றுக்கும் கண்ணாடி அல்லது எஃகு டேங்க்தான். எசென்ஸைக் கலப்பதற்கும் அளப்பதற்கும் கண்ணாடிப் பாத்திரம் நல்லது.

நிகோடினை எப்போது சேர்ப்பது?

எசென்ஸ் தேறிய பிறகு. நிகோடினுக்கே மிளகுபோன்ற ஒரு காரம் உண்டு. அது சோடாவின் கடி என்று உங்களை நம்பவைத்துவிடும். சேர்க்கும்போது கையுறை அவசியம். நிகோடின் தோல் வழியாகவும் உடலில் இறங்கும். சிந்தினால் உடனே சோப்பும் தண்ணீரும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கோலா மணக்கும் சிறிய புட்டி ஒரு குழந்தையின் கண்ணுக்குக் குளிர்பானம்தான். சிறிதளவு நிகோடின் திரவம்கூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. குழந்தை திறக்க முடியாத மூடி, பூட்டிய அலமாரி, புட்டியில் ‘விஷம்’ என்ற சொல் மூன்றும் வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைப்பதையோ குளிர்சாதனப் பெட்டியில் உணவோடு வைப்பதையோ ஒருபோதும் செய்யாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். புட்டியையும் கொண்டு செல்லுங்கள்.

நான் கலந்ததை நண்பருக்குக் கொடுக்கலாமா?

உங்கள் நுரையீரலைப் பணயம் வைப்பது உங்கள் முடிவு; அவருடையதை வைப்பது உங்கள் முடிவு அல்ல. அவருக்கு ஆஸ்துமாவோ லவங்கப்பட்டை ஒவ்வாமையோ இருக்கலாம். நான் கொடுப்பதில்லை. விற்பது பல இடங்களில் சட்டப்படி குற்றம்.

எசென்ஸ் தேறியது என்று எப்போது முடிவு செய்வது?

தாள் சுத்தமாக இருந்து, புட்டி தெளிவாக இருந்து, மூன்று வாரத்துக்குப் பிறகும் 4 சதவீதத்துக்குள்ளாகவே அது என்ன சோடா என்று லேபிளைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால் தேறியது. 8 சதவீதத்துக்குக் குறைந்தால் பேச மறுக்கும் எசென்ஸை நான் வைத்துக்கொள்வதில்லை. சுவைக்காக உள்ளே போகும் பொருள்களை இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தேறிய பாட்டிலில் திறந்த தேதியை எழுதி, இருட்டில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காகிதத் துண்டில் மறுபடி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை மணம் மரப்பிசினாகவோ டர்பன்டைனாகவோ மாறியிருந்தால் லிமொனீன் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது. பாதிப் பாட்டில் மிச்சம் இருந்தாலும் அதைக் கலக்காதீர்கள்.